பள்ளிச் சுவரில் குறும்பர் ஓவியம்: துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டாரத்தில் இயங்கும் எங்கள் பள்ளியின் தாழ்வாரச் சுவரில் ஆலுக் குறும்பர் பழங்குடி ஓவியர்கள் வரைந்துவந்த சுவரோவியம் நிறைவுற்று, இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. இப்பணிக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி ஓவியர்களுக்கே உரியது. கொடியால் முறுக்கிய ஏணியில் தொங்கியபடி செங்குத்துப் பாறையில் மலைத்தேன் எடுப்போர், சாமைக் கதிர் அறுப்போர், குழலுக்கும் பறைக்கும் ஆடுவோர் என, முகக்குறிப்பு ஏதுமில்லாத மெல்லிய கோட்டுருவங்களால் ஒரு மலையூரின் ஆண்டு முழுவதையும் அவர்கள் அச்சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள். வேங்கை மரத்துப் பிசினை எவ்வளவு நீரில் கரைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது இளமஞ்சளாகவோ கரும்பழுப்பாகவோ மாறும் என்பதையும், பச்சை நிறம் காட்டு அவரை இலையிலிருந்து வருகிறது என்பதையும் மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இதே மலையில் பிறந்து வளர்ந்த ஆசிரியர்கள் சிலருக்கும் அது புதிய செய்தியாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லத் தயக்கமில்லை.

எதை வரையலாம் என்பதைக் காட்டிலும் எதை வரையக்கூடாது என்பதை எங்களுக்கு எடுத்துரைத்த ஊர்ப் பெரியவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். மரபுப்படி இவ்வோவியத்தைக் கோயில் காக்கும் குடும்பத்து ஆண்கள் வரைவார்கள். வீட்டு வாயிலுக்கும் சன்னலுக்கும் கரை எழுதி அழகுசெய்வது பெண்களின் பங்கு. கோயிலுக்கென்று உள்ள உருவங்களைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பெரியவர்கள் கூறியதை ஓவியர்களும் நாங்களும் அப்படியே ஏற்றோம். வகுப்பறைக் கதவுகளைச் சுற்றியுள்ள கரைகள் முழுவதும் அவ்வூர்ப் பெண்களின் கைவண்ணம். திறப்பு விழாவில் பலரும் தேனெடுக்கும் காட்சியை மட்டுமே புகைப்படம் எடுத்தார்கள். எங்கள் பார்வையில் அந்தக் கரைகள் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

இலைச்சாறும் பிசினும் நீலகிரியின் மழைச்சாரலைத் தாங்கா. ஆகவே, மரபு வண்ணங்களைக் கூரை உள்ள தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொண்டு, சாரல் படும் வெளிச்சுவருக்கு மட்டும் அக்ரிலிக் வண்ணம் பயன்படுத்துவதென ஓவியர்களே முடிவுசெய்தார்கள். பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்து, ஈரக்கசிவை அடைத்து, சுவரைப் பக்குவப்படுத்தித் தந்த கொத்தனாருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் நன்றி. பிசினும் இலையும் சேகரித்துத் தந்த குடும்பங்களுக்கும் நன்றி. காட்டில் பிசின், இலை போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்க 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருப்பதால், யாரிடமும் கெஞ்சி நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஊதியம் பெறாமல் ஒப்பந்தம் எழுதித் தந்த வழக்கறிஞரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிச் சுவரில் இருப்பதெல்லாம் பள்ளியின் சொத்து என்றே எங்களில் பலர் எண்ணியிருந்தோம். சுவர் பள்ளியுடையதாயினும், படைப்பைச் சிதைக்காமல் காக்கக் கோரும் உரிமை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே இருக்கிறது என்பதை அவர் விளக்கினார். டெல்லி விக்யான் பவனில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தம் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பியின் பக்கமே தீர்ப்பளித்தது. ஓவியர்களின் ஒப்புதலின்றி இச்சுவருக்கு மறுவண்ணம் பூசுவதில்லை, நாட்குறிப்பேட்டிலோ வாழ்த்து அட்டையிலோ படத்தை அச்சிடுவதில்லை என்று எங்கள் ஒப்பந்தம் சொல்கிறது. ஓவியர்களின் பெயர்களும் ஊரும் சுவரின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

செலவு முழுவதையும் ஏற்பதாகவும், ஓவியத்தின் நடுவே தங்கள் நிறுவனச் சின்னம் இடம்பெற்றால் போதும் என்றும் ஒருவர் முன்வந்தார். அந்தத் தாராளத்துக்கும் நன்றி, ஏற்க இயலவில்லை. பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் சிறுசிறு தொகையாக அளித்த நன்கொடையே போதுமானதாக இருந்தது. ஓவியர்களின் கூலி அவர்கள் கேட்டபடி வாரந்தோறும் வழங்கப்பட்டது.

கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள், பார்க்க வந்தவர்கள் பெயர் கிறுக்கியதால் எவ்வளவு சிதைந்தன என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். எனவே பார்வையாளர்கள் சுவரைத் தொடாமல், வகுப்புகள் முடிந்த பின்போ விடுமுறை நாட்களிலோ அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் மங்கிய இடங்களைச் சீர்செய்ய ஓவியர்கள் மீண்டும் வர இசைந்துள்ளார்கள். அப்பணியில் வண்ணம் அரைக்கவும் சாரம் கட்டவும் உதவ விரும்புவோர் தலைமையாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும்