காலைல அஞ்சு மணிக்குப் பிள்ளைய யாரு பாத்துக்குறாங்கன்னு கேளுங்க

வணக்கம்.

கோலாலம்பூர் பிளாட்டுல வளர்ற பிள்ளைங்களுக்கும் குடும்பங்களுக்கும் என்ன சேவை வேணும்னு ஆய்வு பண்றவங்க, அத வச்சு திட்டம் போடுறவங்க, காசு ஒதுக்குறவங்க எல்லாருக்கும் சேத்துதான் இந்த மடல எழுதுறேன். செந்தூல் பக்கம் ஒரு பிபிஆர் பிளாட்டுல, அதான் வசதி கொறைஞ்சவங்களுக்கு அரசாங்கம் கட்டிக் குடுத்த மலிவு வாடகை பிளாட்டுல, 19 வருஷமா இருக்கேன், சாயங்காலம் கீழ் ஹால்ல பிள்ளைங்களுக்கு டியூஷன் சொல்லித் தரேன், அதனால எந்த வீட்டுப் பிள்ளை யாரு கைல வளருதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். நீங்க கேள்வி கேட்டு நிரப்புற போரத்துல (படிவத்துல) அது வரவே மாட்டேங்குது, அதான் மனசு கேக்காம எழுதுறேன்.

போன வருஷம் ஒரு தங்கச்சி ஆய்வுக்கு வந்துச்சு. கைல டேப்லட், கழுத்துல பேட்ஜ், நல்ல பிள்ளை, மரியாதையாதான் பேசுச்சு. ஆனா வந்தது புதன்கிழமை காலைல பத்தரை மணிக்கு, எங்க மாடில அப்ப கதவு தெறந்திருந்ததே மூணு வீடுதான். எதிர் வீட்டு அக்கா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து சமைச்சிட்டு இருந்தாங்க. "கெத்துவா கெலுவார்கா சியாப்பா?"ன்னு அந்தத் தங்கச்சி கேட்டுச்சு, குடும்பத் தலைவர் யாருன்னு. அக்கா கைல இருந்த கரண்டியையே கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னாங்க, அப்புறம் புருஷன் பேர சொன்னாங்க, அவரோட ஐசி (அடையாள அட்டை) நம்பர கூட மறக்காம சொன்னாங்க. அந்த ஆளு வீட்டுப் பக்கம் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாசா மாசம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, ஸ்கூல் வேன் காசு, பெரியவனோட ஆஸ்துமா மருந்து, எல்லாமே அக்கா தலைலதான். ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு, அக்கம்பக்கம் காது குடுத்துட்டு இருக்கறப்ப, மொகம் தெரியாத பிள்ளைகிட்ட மலாய்ல "அவரு விட்டுட்டுப் போயிட்டாரு"ன்னு எந்தப் பொம்பள சொல்லுவா சொல்லுங்க. அந்தத் தங்கச்சி அழுத்துன ஒரு பட்டன்ல அக்கா புருஷன் இருக்கிற வீடா ஆயிட்டாங்க.

இது சின்ன விஷயம் இல்லீங்க. கோவிட் சமயத்துல யுனிசெப்பும் ஐ.நா. மக்கள் தொகை நிதியமும் கோலாலம்பூர் மலிவு விலை பிளாட்டுங்கள்ல 500 குடும்பத்த எடுத்து, ஒரு தடவையோட விடாம மறுபடி மறுபடி போய்க் கேட்டாங்க, அதுல ரொம்ப அடிபட்டது பொம்பளைங்க தலைமைல இருக்கிற குடும்பங்கதான்னு தெளிவா வந்துச்சு. அந்தக் குடும்பங்களுக்குத்தான் மொதல்ல உதவி போய்ச் சேரணும்னா, மொதல்ல அவங்க கணக்குல வரணும் இல்லையா?

அப்புறம் பதினோராவது மாடி அக்கா. அவங்க வீட்டு வாசல்ல காலைல அஞ்சரைக்கெல்லாம் குட்டிக் குட்டிச் செருப்பா அஞ்சு ஜோடி கெடக்கும். பால் போத்தல்ல மார்க்கர் பேனாவால பேர் எழுதி வரிசையா வச்சிருப்பாங்க, ஒரு போத்தல்ல மட்டும் எழுத்து அழிஞ்சு போனதால சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். கிளீனர் வேலைக்கும் பாக்டரிக்கும் செக்குரிட்டி வேலைக்கும் இருட்டுலயே கெளம்புற அம்மா அப்பாங்க பிள்ளைங்கள தூக்கத்தோட தூக்கிட்டு வந்து அவங்க கைல குடுத்துட்டு ஓடுவாங்க. அந்த டேப்லட் தங்கச்சி போய்க் கேட்டப்ப அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா, "எல்லாம் சொந்தக்காரங்க பிள்ளைங்க லா". ஏன்னா 1984 சட்டப்படி, நாலு வயசுக்குக் கொறைஞ்ச பிள்ளைங்க, வேற வேற வீட்டுப் பிள்ளைங்க, நாலு பேரோ அதுக்கு மேலயோ காசு வாங்கிட்டுப் பாத்துக்கிட்டா அது தாஸ்கா, அதாவது பிள்ளைக் காப்பகம், அரசாங்கத்துல பதியணும். சட்டம் நல்ல சட்டம்தான், பிள்ளைங்க பாதுகாப்புக்காகப் போட்டது, ஒரு வயசுக்குள்ள உள்ள மூணு பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும்னு சொல்றதும் நியாயம்தான், நான் அத குறை சொல்லல. ஆனா ஆய்வுக்கு வர்றவங்களுக்கும் சம்மன் குடுக்க வர்றவங்களுக்கும் வித்தியாசம் தெரியாத எடத்துல யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. அந்த அஞ்சு பிள்ளையும் உங்க கணக்குல "குடும்பத்தோட பராமரிப்பு"ன்னு விழுந்துடும், நீங்களும் இங்க தாஸ்கா தேவைப்படலன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க.

எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க. விடியறதுக்குள்ள பிரட்டுக்கு, அதான் வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடுற எடத்துக்கு, போகணும், கைப்பிள்ளைய ஆயாக்கொட்டாய்ல விட்டுட்டுத்தான் போவாங்க. அங்க தொட்டில் வரிசையா கட்டியிருக்கும், ஆயாம்மா இருப்பாங்க, பால்மாவு கரைச்சுக் குடுப்பாங்க. தொரைமாருக்குப் பாட்டி மேல பாசம் ஒண்ணும் கெடையாது, வேலை நடக்கணும், அவ்வளவுதான். இருந்தாலும் ஆத்தா எத்தன மணிக்குப் போறாளோ அத்தன மணிக்குக் கொட்டாய் தெறந்திருந்துச்சு. தோட்டம் துண்டாடப்பட்டு நாம டவுனுக்கு வந்தோம், லயத்து வரிசை வீடு போய் பிளாட்டு வந்துச்சு, இருட்டோட வேலைக்குப் போறது மட்டும் மாறல, கொட்டாய்தான் இல்லாமப் போச்சு. இத நெனைக்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

2018ல யுனிசெப் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் இருக்கும். 17 பிளாட்டு, 966 குடும்பம், 2,142 பிள்ளைங்க. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள்ல 22 விழுக்காடு வயசுக்கேத்த ஒசரம் இல்ல, கோலாலம்பூர் சராசரியவிட ரெண்டு மடங்கு. அஞ்சு ஆறு வயசுப் பிள்ளைங்கள்ல பாதிப் பேர்தான் அப்ப பாலர்பள்ளிக்குப் போனாங்க. இந்த ரெண்டாவது விஷயத்தப் படிச்சிட்டு எத்தனையோ பேர் "பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல"ன்னு பேசுனத நானே கேட்டிருக்கேன். அக்கறை இல்லாமயா ஒரு ஆத்தா ரெண்டு வேலை பாக்குறா? பாலர்பள்ளி எட்டு மணிக்குத் தெறந்து மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும், ஆத்தா வீட்டுக்கு வர ராத்திரி ஏழாகும், நடுவுல பிள்ளைய யாரு கூட்டிட்டு வர்றது, யாரு சோறு போடுறது? பக்கத்து மாடி அக்காகிட்ட முழு நாள் விட்டா ஒரே காசோட முடியுது, சோறும் கெடைக்குது, அதான் பாலர்பள்ளி வேணாம்னு முடிவு பண்றாங்க. தப்புன்னு சொல்லுங்க, ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க.

அதனால அடுத்த தடவ வர்றப்ப வருமானம் எவ்வளவு, டிவி இருக்கா, மோட்டார் இருக்கான்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. ஒரு நாள எடுத்து மணிக்கு மணி கேளுங்க: அஞ்சு மணிக்குப் பிள்ளை எங்க இருந்துச்சு, யாரோட இருந்துச்சு, ஒரு மணிக்கு என்ன சாப்டுச்சு, ஏழு மணிக்கு யாரு கதவு தெறந்தாங்க. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள கூட்டிட்டு வாங்க, முடிஞ்சா நம்ம பிளாட்டுலயே படிச்சிட்டு வேலை தேடுற பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்குப் பயிற்சி குடுத்துக் கேக்கச் சொல்லுங்க. பெரிய பிள்ளைங்ககிட்ட தனியா பேசுங்க, பத்து வயசுப் பொண்ணு தம்பிய குளிப்பாட்டி சோறு ஊட்டிட்டுத்தான் என் டியூஷனுக்கு வருது, அத எந்தப் போரம் கேக்குது? பதினோராவது மாடி அக்கா மாதிரி உள்ளவங்களுக்கு மொதல்ல பயிற்சியும் பதியறதுக்கு ஒத்தாசையும் குடுங்க, அபராதத்தப் பத்தி அப்புறம் பேசலாம். எங்ககிட்ட கேட்டு எழுதுனத ஒரு தடவ எங்களுக்கே வந்து படிச்சுக் காட்டுங்க, தப்பா இருந்தா நாங்களே திருத்தித் தருவோம்.

புதன்கிழமை பத்தரைக்கு வராதீங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல வாங்க, பாதிப் பேராவது வீட்டுல இருப்பாங்க. கீழ் ஹால் சாவி என்கிட்டதான் இருக்கு, நாற்காலி போட்டு வைக்கிறேன்.