பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் இணைப்பில் வாரம்தோறும் வரும் கணினிக் குறிப்புகளைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். குறை சொல்வதற்கென்றே பேனாவை எடுக்கிற ஆள் இல்லை நான். ஆனால் போன வாரம் இணையப் பாதுகாப்பு பற்றி வந்த பெட்டிச் செய்தியைப் படித்ததும், இதை எழுதியவர் கடைசியாக எந்த வருடம் கணினியைத் தொட்டார் என்று சந்தேகம் வந்துவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அதில் இருந்தவை இவை: மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம், யாருக்கும் தெரியாமல் பார்க்க வேண்டுமானால் பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னல், கணினி மெதுவாகிவிட்டால் தேவையில்லாத கோப்புகளைத் துடைக்கும் ஒரு கிளீனர் மென்பொருள். நாலுமே ஒரு காலத்தில் எல்லாரும் சொன்னவைதான். இந்த நாலையும் நம்பி நடப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது என்னிடம், ஏனென்றால் எங்கள் சொந்தபந்தத்தில் யார் வீட்டுக் கணினி மக்கர் செய்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், சம்பளம் இல்லாத உத்தியோகம்.

முதலில் பாஸ்வேர்டு. சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து வைக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆவணத்திலிருந்துதான் அது பெரும்பாலும் பரவியது. அதில் அந்தப் பகுதியை எழுதிய பில் பர் என்பவரே, ஓய்வுபெற்ற பிறகு 2017-ல், அன்று தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார். அதே வருடம் நிஸ்ட்டும் விதியை மாற்றியது: பாஸ்வேர்டு வெளியே கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் ஒழிய, இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்று என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், குறியீடுகளைவிட நீளம் முக்கியம் என்று. காரணம் எளிது. மாதாமாதம் மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன், அதே சொல்லை வைத்துக்கொண்டு கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்கினேன், அடுத்த மாதம் 3. இதை ஊகிக்கத் திருடனுக்குப் பெரிய மூளை வேண்டாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடங்களில் போடுவது. 2012-ல் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் திருடு போன பாஸ்வேர்டுகள் நாலு வருடம் கழித்து, 2016-ல், 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளோடு விற்பனைக்கு வந்தன. இப்படிப்பட்ட பட்டியலை வாங்குகிறவன் லிங்க்ட்இன்னைத் திறந்துகொண்டா உட்கார்ந்திருப்பான்? அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்டு இரண்டையும் மின்னஞ்சல் சேவை, வங்கி, கடைத் தளங்கள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு நிரல் வைத்துத் தானாகப் போட்டுப் பார்க்கச் செய்வான். ஆயிரத்தில் ஒன்று திறந்தாலும் அவனுக்கு லாபம். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போண்டு' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் திருட்டில் அகப்பட்டிருக்கிறது என்று காட்டும். என் பழைய முகவரியைப் போட்டுப் பார்த்த அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் இத்தனை பாஸ்வேர்டை எப்படி நினைவில் வைப்பது? வைக்க வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருள் அதற்காகவே இருக்கிறது, பிரவுசருக்குள்ளேயே ஒன்று கூடவே வருகிறது. எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் வைப்பதா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான், ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி போடுவதைவிட அது எவ்வளவோ மேல். அதுவும் பிடிக்கவில்லையா, ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வையுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் திருடன் உங்கள் அலமாரியை எப்படித் திறப்பான்? நோட்டை மானிட்டரில் ஒட்டி வைக்காமல் இருந்தால் சரி. முக்கியமாக மின்னஞ்சல் கணக்குக்குத் தனி பாஸ்வேர்டு வைத்து, இரண்டாவது சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு, போனுக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்பது) போட்டுவிடுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று சொன்னால் மாற்றும் வழி வந்து சேர்வது அந்த மின்னஞ்சலுக்குத்தான். அது போனால் எல்லாம் போச்சு.

அடுத்து அந்தப் பூட்டு. பூட்டுப் படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான், உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் பேச்சை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது. தளத்துக்குச் சொந்தக்காரன் யோக்கியனா என்பது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. திருடனுடைய தளத்துக்கும் அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கும், நீங்களும் திருடனும் பேசுவது பரம ரகசியமாக இருக்கும், அவ்வளவுதான். கூகுள் 2021-ல் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான அர்த்தத்தைப் புரிந்துவைத்திருந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். அதனால் 2023 செப்டம்பரில் தங்கள் பிரவுசரான குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஒரு சின்னத்தை வைத்தார்கள். ஆக, உங்கள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குரோமில் பூட்டைத் தேடுகிறவருக்கு அது கிடைக்கக்கூடச் செய்யாது. பார்க்க வேண்டியது முகவரியின் எழுத்துகளை. அதைவிட நல்லது, வங்கித் தளத்துக்கு எந்த மின்னஞ்சல் இணைப்பையும் தொட்டுப் போகாமல், நீங்களே சேமித்து வைத்த புக்மார்க்கிலிருந்து போவது.

இன்காக்னிட்டோ பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் அடுத்து அந்தக் கணினியில் உட்காருகிறவர் நீங்கள் பார்த்ததைப் பார்க்க மாட்டார், அதற்கு மேல் அது எதையும் மறைக்காது. இணைய இணைப்பு தருகிறவருக்கும் நீங்கள் போன தளத்துக்கும் நீங்கள் வந்துபோனது தெரியும். இந்தக் குழப்பத்தை வைத்தே 2020-ல் கூகுள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், சேர்த்து வைத்த தகவல்களை அழிப்பதாக 2024-ல் கூகுள் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

கிளீனர் விஷயத்துக்கு வருகிறேன். 2017-ல் சிசிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளின் ஒரு பதிப்பிலேயே யாரோ தீய நிரலைக் கலந்துவிட்டார்கள், அதிகாரப்பூர்வமான இடத்திலிருந்து இறக்கியவர்களுக்கும் அதுதான் வந்தது, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். அந்த மென்பொருளைச் சற்று முன்புதான் வாங்கியிருந்த அவாஸ்ட் நிறுவனம், தன் ஆன்ட்டிவைரஸைப் போட்டிருந்தவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது 2020-ல் அம்பலமாகி, 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்தவனே வீட்டுக் கதையை வெளியே விற்ற கதை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் அனுபவம்.

கணினி மெதுவாக இருக்கிறதே, என்ன செய்ய? கிளீனர் தேடுவதற்கு முன்னால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துவிட்டுத்தானே படுக்கிறேன் என்பீர்கள். அங்கேதான் ஒரு வேடிக்கை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதியை முழுக்க அணைக்காமல், அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்று ஓர் எண் இருக்கும். தினமும் அணைக்கிற கணினியில் அது பல நாள் கணக்குக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் தொடவே தொடாத ஒன்று. என்னை இந்தக் கடிதம் எழுத வைத்ததும் அதுதான். என் மாமனார் கணினியில் திடீரென்று வலது கீழ் மூலையில் சிவப்பு நிறத்தில் பெட்டிகள் வர ஆரம்பித்தன, உங்கள் கணினியில் ஐந்து வைரஸ், உடனே புதுப்பிக்கவும் என்று, ஒன்றை மூடினால் இன்னொன்று. மனிதர் மூன்று நாள் அதோடு போராடிவிட்டு, பணம் கட்டிவிடலாம் என்று முடிவு செய்த பிறகுதான் என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தால் வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது, அவரும் நான் ரோபோ இல்லையே என்று அழுத்தியிருக்கிறார். அந்த அலவ், அந்தத் தளம் நினைத்த நேரத்தில் அறிவிப்பு அனுப்பலாம் என்று கொடுத்த அனுமதி. பிரவுசருக்குள் அமைப்புகளில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற இடத்துக்குப் போய், தெரியாத தளங்களையெல்லாம் நீக்கினேன், இரண்டு நிமிட வேலை. அங்கேயே, இனி எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதியே கேட்கக் கூடாது என்றும் வைத்துவிடலாம், நான் போகிற எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைத்துவிட்டு வருகிறேன். இதன் அண்ணன் ஒன்று உண்டு, திரை முழுக்க எச்சரிக்கையை நிரப்பி, ஒலி எழுப்பி, இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று மிரட்டும். கூப்பிட்டால் எனிடெஸ்க், டீம்வியூவர் போல, தூரத்திலிருந்து இன்னொருவர் கணினியை இயக்க உதவும் மென்பொருள் எதையாவது இறக்கச் சொல்வார்கள். அவை நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் இணைப்பைக் கொடுத்த நிமிடம் உங்கள் மௌஸ் அவர்கள் கையில். எந்த நிறுவனமும் எச்சரிக்கைப் பெட்டியில் போன் நம்பர் போடாது. ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள், மூடவில்லையென்றால் மேலே சொன்ன டாஸ்க் மேனேஜரிலிருந்து பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதே பூதம் மறுபடி வந்து நிற்கும்.

இன்னொன்று, கோப்பின் பின்னொட்டு, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வந்து அது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் எழுத்துகள். 2000 மே மாதம் ஐ லவ் யூ வைரஸ் உலகத்தையே சுற்றி வந்ததே, அது ஒரு காதல் கடிதம் போல, வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும் டாட் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும் பெயரில் வந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் டாட் விபிஎஸ் என்று இன்னொரு வால் இருந்தது, அது ஓடக்கூடிய நிரல். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிடுவதால் யார் கண்ணுக்கும் படவில்லை. 25 வருடம் தாண்டியும் விண்டோஸ் இன்னும் அதை மறைத்துத்தான் வைக்கிறது, ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. விண்டோஸ் 11-ல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று வரிசையாகத் தொட்டால் வால் வெளியே தெரியும். பில் என்று பிடிஎஃப் படத்தோடு வந்த கோப்பின் பெயர் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்தால் அதுவும் ஓடக்கூடிய நிரல்தான், தொடாமல் அழித்துவிடலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும், நீட்டிப்புக்குப் பதிந்துகொள்ளாத கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்பதையும் பெரிய எழுத்தில் ஒருமுறை போடலாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்களும் பழைய விண்டோஸை விடாமல் வைத்திருந்தவர்களும்தான் மாட்டினார்கள்.

அப்புறம், குறிப்போடு போடும் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். போன வாரப் படத்தில் எந்த மெனுவை அம்புக்குறி காட்டுகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது, என் மாமனார் முயற்சியே செய்யவில்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்