தண்டு வலிப்பவர் கையில்தான் மீன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. 20 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் 30 பவுண்டு மீனை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டிருந்தாய். அதையே விரிவாக எழுதுகிறேன்.

கனடாவின் வான்கூவர் தீவில் கேம்ப்பெல் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு டையீ பூல் என்று பெயர். அந்தக் கரையோர வணிகப் பேச்சில் 'டையீ' என்றால் தலைவன். 30 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள சினூக் சால்மனுக்கு மட்டுமே அந்தப் பெயர். 1924இல் தொடங்கிய டையீ கிளப்பின் விதிகள் இன்றும் கடுமையானவை: மோட்டார் ஓடக்கூடாது, தண்டு வலித்துத்தான், அதாவது துடுப்புப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். நரம்பு 20 பவுண்டுக்கு மேல் தாங்கக்கூடாது. ஒற்றை முள், அதிலும் கழலாமல் தடுக்கும் எதிர்முள் இல்லாதது. உயிர் இரை கிடையாது, பிளக் (மீன் வடிவப் போலி இரை) அல்லது ஸ்பூன் (கரண்டி போன்ற உலோகத் தகடு)தான். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பருவம்.

இந்த மீன் ஆற்றில் ஏறி முட்டையிடத் தயாராகி நிற்பது. பசிக்காகக் கடிப்பது குறைவு, எரிச்சலில்தான் அதிகம் கடிக்கும். அதனால் இரை அதன் முகத்துக்கு நேரே, தரையை ஒட்டி, நின்று ஆட வேண்டும். படகு முன்னால் ஓடினால் இரை மீனைக் கடந்துவிடும். நீவாட்டை (நீரோட்டத்தை) எதிர்த்துக் குட்டைக் குட்டையாக வலித்து, படகை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் இங்கே வித்தை. வலிப்பவர் அமரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் தூண்டில் நுனி அவர் கண்ணெதிரே இருக்கும். பிளக் சரியாக ஆடினால் நுனி சீராகத் துடிக்கும். துடிப்பு மந்தமானால் முள்ளில் பாசி மாட்டியிருக்கிறது, உடனே சுற்றி எடுத்துத் துடைக்க வேண்டும். பாசியோடு இழுத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் வீண். புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்குள் மீனுக்குக் கனம் அநேகமாக இல்லை. நரம்பை அறுப்பது அதன் ஓட்டம். ரீலின் பிடியை, அதாவது நரம்பு சுற்றிய உருளை நரம்பை விடாமல் இழுத்துப்பிடிக்கும் இறுக்கத்தை, நரம்பின் தாங்குதிறனில் கால்பங்கு, அதாவது 5 பவுண்டு அளவில் வைத்தால் போதும். நரம்பு வெளியேற வெளியேறச் சுருள் மெலியும், அதனால் பிடி தானாகவே கூடும். ஓட்டத்தின் நடுவில் பிடியை மேலும் இறுக்கினால் அறுந்தது என்றே வைத்துக்கொள். மீன் ஓடும்போது வலிப்பவர் பின்தொடர்ந்து நரம்பை மீட்டுக் கொடுப்பார். படகை நோக்கித் திரும்பினால் விலகி வலிப்பார். எதிர்முள் இல்லாததால் நொடிநேரம் நரம்பு தொய்ந்தாலும் முள் கழன்றுவிடும். மற்றப் படகுகள் வழிவிட, ஆழத்துக்கு இழுத்துப்போய் அங்கேதான் மீனைக் களைக்க வைப்பார்கள். கைவலையைத் தண்ணீரில் அசையாமல் வைத்துத் தலைப்பக்கமாக உள்ளே வாங்க வேண்டும். வாலைத் துரத்தினால் மீன் சீறிப் பாய்ந்துவிடும்.

உயிரோடு விடுகிறவர்கள் எடை காண்பதற்கு ஒரு கணக்கு உண்டு: சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுக்க வேண்டும். அளவு அங்குலத்தில், விடை பவுண்டில். 42 அங்குல நீளம், 26 அங்குலச் சுற்றளவு என்றால் ஏறத்தாழ 35 பவுண்டு. தோராயம்தான், ஆனாலும் மீனைத் தூக்கி வதைக்காமல் முடிகிறது.

படகைப் பற்றியும் கேட்டிருந்தாய். பலகை மேல் பலகை ஏறி நிற்கும் கட்டு. பருவத்துக்கு முன் தண்ணீரில் ஊறவிட வேண்டும், காய்ந்த பலகை ஊறிப் பருத்தால்தான் இடுக்கு மூடும். தண்டு உரசும் இடத்தில் தோல் சுற்றி, கொழுப்புத் தடவுவார்கள். அதிகாலை அமைதியில் தண்டு கிறீச்சிட்டால் எனக்கே பொறுக்காது.

எனக்குக் கவலை ஆற்றைப் பற்றித்தான். 1947இல் ஜான் ஹார்ட் அணை வந்தபிறகு மேலிருந்து சரளைக்கல் இறங்குவது நின்றுபோனது. பெரிய சினூக் முட்டைக்குழி தோண்டுவது சரளையில்தான். ஆட்கள் லாரியில் கல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மனமார வாழ்த்துகிறேன்.

உங்கள் பக்கத்தில் தண்டுக்கு இப்போது எந்த மரம் எடுக்கிறார்கள்? எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்