ஹெல்மெட்டை உள்ளே பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெல்மெட் போடாதவர்களுக்கு அபராதம், வழக்கு, விழிப்புணர்வுப் பேரணி என்று செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. தலையில் ஏதோ ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இருப்பது என்ன, அந்தத் தலைக்குப் பொருந்துகிறதா, ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் ஹெல்மெட் அணியாமல் உயிரிழந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பெயருக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு போய் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

"பக்கத்துத் தெருவுக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறேன்" என்பவர்களுக்காக ஒரு கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும், அந்த உயரத்திலிருந்து சரியும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 19, 20 கி.மீ. வேகம் எடுத்திருக்கும். அந்த வேகம் 2 மி.மீ. தூரத்துக்குள் அடங்கினால் தலைமீது வரும் சராசரி விசை அதன் எடையைப்போல் 750 மடங்கு. 20 மி.மீ. தூரத்தில் அடங்கினால் 75 மடங்கு. அந்தக் கூடுதல் 18 மில்லிமீட்டரைத் தருவதுதான் ஹெல்மெட்டின் முதல் வேலை. அதைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு அல்ல, உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மாகோல். அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஓடு, கல்லோ சாலைத் தடுப்பின் விளிம்போ குத்தாமல் அடியைப் பரப்பிவிடுகிறது. பஞ்சும் துணியும் சௌகரியத்துக்கு மட்டுமே.

அதனால் கடையில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். துணி உறையை ஓரத்தில் விலக்கி, அடியில் இருப்பதைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் உள்ளே போய் மறுபடி எழும்பினால் அது ஸ்பான்ஞ், உயிர் காக்காது. அழுத்தினால் எளிதில் இறங்காத, ஒரு அங்குலம் அல்லது அதை ஒட்டிய தடிமனுள்ள தெர்மாகோல் உச்சியிலும் நெற்றியிலும் பக்கவாட்டிலும் பின்னந்தலையிலும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். போலீஸ் கெடுபிடி கூடும்போதெல்லாம் சாலையோரத்தில் முளைக்கும் குவியல்களில் பல, உச்சியில் மட்டும் ஒரு வில்லை வைத்துவிட்டு மற்ற இடத்தை ஸ்பான்ஞால் நிரப்பியவை. இரண்டு பக்கமும் கையால் பிடித்து அழுத்தினால் ஓடு நெளிவதே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது முத்திரை. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். ஆனால் ஐ.எஸ்.ஐ. என்ற எழுத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்க வேண்டும்; வண்டி ஓட்டுபவர்களுக்கான தரம் அதுதான். கட்டட வேலைக்குப் போடும் தொப்பிக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு, அதன் எண் 2925. மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அந்தத் தொப்பியோடு பைக் ஓட்டுபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். செயலி காட்டும் நிறுவனமும் ஹெல்மெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம்.

பின்பக்கத்தில் 'டாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் உண்டு. அது அமெரிக்கத் தரம். அங்கே தயாரிப்பாளரே தன் பொருளுக்குச் சான்று சொல்லிக்கொள்ளும் முறை. அரசு பிறகுதான் எடுத்துச் சோதிக்கும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பிப் பயனில்லை. ஐரோப்பிய 'ஈ.சி.இ.' தரத்தின் 22.06 பதிப்பு கூடுதலாக நம்பத் தகுந்தது. சாய்வாக மோதும்போது தலை சுழன்று மூளைக்கு வரும் காயத்தையும் அந்தச் சோதனை கணக்கில் எடுக்கிறது. அதற்கான சீட்டு பெரும்பாலும் ஸ்ட்ராப்பில் தைக்கப்பட்டிருக்கும். இந்தியச் சாலையில் ஓட்ட, அதோடு ஐ.எஸ்.ஐ.யும் இருக்க வேண்டும்.

விலை அதிகமென்றால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டியதில்லை. பிரிட்டன் அரசு 2007இல் தொடங்கிய 'ஷார்ப்' திட்டம் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் தருகிறது. அதில் நடுத்தர விலை மாடல்கள் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் உண்டு, விலை கூடியவை அதைவிடக் குறைவாக வாங்கியதும் உண்டு. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சரியான அளவில் கிடைக்கும் முழுமுக ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய தொளதொள ஹெல்மெட்டைவிட நல்லது.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது அளவில்தான். "ஃப்ரீ சைஸ்" என்று ஒன்று கிடையாது. தையல்காரரின் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாக, பின்னந்தலையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து, பெரிதாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தயாரிப்புகளில் பொதுவாக 560 மி.மீ. ஸ்மால், 580 மீடியம், 600 லார்ஜ், 620 எக்ஸ்எல். ஒரு நிறுவனத்தின் 580 போல இன்னொன்றின் 580 இருக்காது. எண் தொடக்கம்தான், முடிவு சொல்ல வேண்டியது தலை.

போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் லேசாக அழுந்த வேண்டும். பேசினால் உள்கன்னம் பல்லில் உரசலாம், புது ஹெல்மெட்டில் அது இயல்பு. இப்போது ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் அசையுங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர்ந்தால் அளவு சரி. தலை அசையாமல் ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிது. அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் போட்டிருங்கள். நெற்றியின் நடுவில் மட்டும் வலித்தால் உங்கள் தலை நீளவாக்கு, ஹெல்மெட் உருண்டை. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதி இரண்டும் வலித்தால் அதற்கு நேர்மாறு. இதற்கு அளவைக் கூட்டுவது தீர்வல்ல, வேறு மாடல்தான் தீர்வு. "போடப் போடச் சரியாகிடும்" என்று கடைக்காரர் சொல்வது கன்னத்துப் பஞ்சுக்குப் பொருந்தும். அது சில வாரங்களில் இளகும். நெற்றியில் குத்துவது தெர்மாகோல். அது இளகாது. வலி தாங்காமல் ஒரு மாதத்தில் அந்த ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கத் தொடங்கும்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்ட்ராப்பை இறுக்கி மாட்டிக்கொண்டு, பின்பக்கக் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். கழன்று கண்ணுக்கு மேல் வந்துவிட்டால் விபத்திலும் அதுதான் நடக்கும். எத்தனை முத்திரை இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது.

ஸ்ட்ராப் விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, தலையில் ஸ்ட்ராப்பால் பத்திரமாகக் கட்டப்பட்டதைத்தான் ஹெல்மெட் அணிவதாக ஏற்கிறது. சும்மா கவிழ்த்துக்கொண்டு போகிறவரும் 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கும் மூன்று மாத உரிமத் தடைக்கும் உரியவரே. தாடைக்குக் கீழே ஒன்றிரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். 'டிக் டிக்' என்று பல்பல்லாக ஏறும் லாக்கில் ஒரு பல்லோடு நிறுத்திவிட்டு, ஸ்ட்ராப் நெஞ்சில் ஆடும்படி போகிறவர்கள் ஏராளம். முதல் நாளே நீளத்தைச் சரிசெய்து வைத்துவிட்டால், பிறகு நாலைந்து பல் ஏற்றினாலே பிடிப்பு வந்துவிடும். அந்த பிளாஸ்டிக் பற்கள் தேயும். லாக் மாட்டிய பிறகு ஸ்ட்ராப்பை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், நழுவினால் மாற்றியாக வேண்டும். இரட்டை வளையம் உள்ளதில் தேய்மானப் பிரச்சினை இல்லை. இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, வெளி வளையத்தின் மேலாகத் திருப்பி, உள் வளையம் வழியே இழுக்க வேண்டும். நான்கு நாள் பழகினால் கண்ணை மூடிக்கொண்டே மாட்டலாம்.

முழுமுகமா, திறந்த முகமா என்றால் முழுமுகம்தான். முகம் குப்புற விழும்போது தாடைதான் முதலில் தரையைத் தொடும், அங்கே வைசர் என்னும் முன்பக்கக் கண்ணாடி ஒன்றும் செய்யாது. முன்பக்கம் தூக்கும் வகையில், தாடைப் பகுதியை இறக்கி லாக் செய்தால்தான் பலன். ஐரோப்பியச் சீட்டில் 'பி' என்று இருந்தால் தாடைப் பகுதியும் சோதிக்கப்பட்டது, 'ஜே' என்றால் அது கணக்கிலேயே இல்லை, 'என்.பி.' என்றால் தாடைப் பகுதி பாதுகாப்புக்கானது அல்ல. காதுக்கு மேலேயே முடிந்துவிடும் கிண்ணத் தொப்பியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

வைசர் நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்பு வைசர் போட்டு இரவில் ஓட்டுவதும், கீறல் விழுந்த வைசரில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறுவதும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. புது வைசர் சில நூறு ரூபாய்தான். உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே கீறலுக்குக் காரணம். ஈரத்துணியைச் சிறிது நேரம் போர்த்தி ஊறவைத்துத் துடையுங்கள்.

வியர்க்கிறது, முடி கொட்டுகிறது என்பது நம் வெயிலில் நியாயமான குறை. உள்துணியைக் கழற்றித் துவைக்கக்கூடிய மாடலாக வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். தலைக்கு வைக்கும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்துதான் உள்துணியையும் பசையையும் கெடுக்கின்றன. பெண்கள் கொண்டையோ பெரிய கிளிப்போ வைத்துப் போட்டால் ஹெல்மெட் மேலே தூக்கி நின்று நெற்றி திறந்துவிடும். கழுத்தை ஒட்டித் தாழப் பின்னுவதே வழி. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கடைக்கு அதோடு போய், காது ஓரம் அழுத்துகிறதா என்று பாருங்கள்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டோடு ஓட்டுபவருடன் பிணைக்கும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்பாவின் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிடுவது இதில் சேராது. குழந்தையின் கழுத்து தாங்காது, பார்வையும் மறைந்துவிடும்.

வாங்கிய பிறகு கெடுப்பதும் நாமே. பெட்ரோல், தின்னர் துணியால் துடைத்தால் பிளாஸ்டிக் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும். வண்டியின் கண்ணாடிக் கம்பியில் மாட்டி வைத்தால் உள்ளே தெர்மாகோல் குழியும். புளூடூத்துக்காகத் தெர்மாகோலைச் செதுக்குவதும் ஓட்டில் துளை போடுவதும் ஹெல்மெட்டைக் கொல்வதே. தலையோடு ஒரு முறை பலமாக மோதிய ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் முடிந்தது. நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது. ஸ்ட்ராப்பை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அடி படாவிட்டாலும் ஐந்து ஆண்டுகள் போதும். தயாரித்த மாதமும் ஆண்டும் உள்ளே இருக்கும், வாங்கும்போதே பாருங்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். மத்திய மோட்டார் வாகன விதி 138(4)(எஃப்)-இன்படி, புது வண்டி வாங்கும்போது தரமான ஹெல்மெட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே அளவைக் கையில் திணிக்கிறார்கள். வண்டி முன்பதிவு செய்யும்போதே தலையின் அளவையும் எழுதி வாங்கும்படி போக்குவரத்துத் துறை சொல்லலாம். இன்னொன்று தங்கள் நிருபர்களுக்கு: விபத்துச் செய்தியில் "ஹெல்மெட் அணிந்திருந்தும் உயிரிழந்தார்" என்று எழுதும் முன், அது தலையிலேயே இருந்ததா, கழன்று கிடந்ததா, ஸ்ட்ராப் மாட்டியிருந்ததா என்று போலீஸாரிடம் கேட்டு ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு