கப்பலுக்குப் பதில் ரயிலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செங்கடல் பற்றிய உங்கள் கட்டுரையில், சீனாவிலிருந்து ஐரோப்பா போகும் கடல் வழி அடைபட்டால் ரயில் இருக்கிறதே என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. சரக்கு புக்கிங் வேலையில் இருப்பவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

இன்றைய பெரிய கப்பல் ஒன்றில் 20 அடி கண்டெய்னர் 24,000 வரை ஏறும். சீனாவிலிருந்து ஐரோப்பா போகும் ரயில் ஒன்றில் சுமார் 100. அப்படியானால் ஒரே ஒரு கப்பல் சரக்குக்கு 240 ரயில் வேண்டும்!

அப்புறம் தண்டவாளம். சீனாவிலும் போலந்திலும் அதன் அகலம் 1,435 மி.மீ. நடுவில் கஜகஸ்தான், ரஷ்யா, பெலாரஸ் முழுக்க 1,520 மி.மீ. வித்தியாசம் 85 மி.மீ., நாலு விரல் அகலம்தான். அதற்காகக் கஜகஸ்தான் எல்லையில் ஒருமுறை, போலந்து எல்லையில் ஒருமுறை, ஒவ்வொரு கண்டெய்னரையும் கிரேனால் தூக்கிப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டிக்கு மாற்ற வேண்டும். அங்கே ரயில்கள் வரிசைகட்டிவிட்டால், கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே கரைந்துவிடும்.

ரயிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023 நவம்பரில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சிக் குழு செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்ற, பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. உதிரிபாகம் வராவிட்டால் தொழிற்சாலை நின்றுவிடும் என்றவர்களுக்கு ரயில்தான் கைகொடுத்தது. ஆனால் டைல்ஸையும் மேசை நாற்காலியையும் அப்படி அனுப்பினால், லாபம் மொத்தமும் சரக்குக் கட்டணத்துக்கே போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது பலரும் ரயிலை விட்டுக் கப்பலுக்கு ஓடினார்கள். ரஷ்யா வழியே சரக்கு அனுப்பப் பயம். 2025 செப்டம்பரில் போலந்து பெலாரஸ் எல்லையை மூடியபோது, சுமார் இரண்டு வாரம் அந்த வழியில் ரயில் போக்குவரத்து முடங்கியது. கப்பலாவது ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். எல்லையைச் சாத்திவிட்டால் ரயில் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

சரி, ரஷ்யாவே வேண்டாம், காஸ்பியன் வழியே அனுப்பலாம் என்பார்கள். அதற்குக் கஜகஸ்தானின் அக்தாவ் துறைமுகத்தில் சரக்கை இறக்கி, கப்பலில் காஸ்பியன் கடலைத் தாண்டி, அஜர்பைஜானின் பாகுவில் மறுபடி ரயில் ஏற்ற வேண்டும். பேர்தான் ரயில் வழி. நடுவில் கப்பல் ஏறாமல் முடியாது.

அடுத்த முறை இந்தக் கைமாற்றங்களைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
சரக்குத் துறை வாசகன்