தாண்டிய தூரம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் மருத்துவப் பக்கத்தில், முழங்கால் தசைநார் அறுந்த விளையாட்டு வீரர்களுக்கு, "அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகி, ஒற்றைக்காலில் தாவும் தூரம் இரு கால்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தயங்காமல் களத்தில் இறங்கலாம்" என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. இதே சொல்லை நம்பிக் களத்தில் இறங்கியவன் நான்.

வாலிபால் ஆடும்போது எனக்கு முன்சிலுவைத் தசைநார் (முழங்காலை நிலைகுலையாமல் பிடித்துவைக்கும் உள்தசைநார், ACL) அறுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறாவது மாதம், தரையில் அளவுநாடாவை ஒட்டி, ஒவ்வொரு காலிலும் மும்மூன்று முறை தாவச் சொன்னார்கள். நல்ல காலில் 156 சென்டிமீட்டர், அடிபட்ட காலில் 148. அடிபட்ட காலின் தூரம் நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்கு 90 வந்தாலே தேர்ச்சி என்பது வழக்கம். எனக்கு 95 வந்தது. அளந்தவரின் கண் நாடாவை விட்டு நகரவில்லை. கால் தரையைத் தொட்டபோது முழங்கால் உட்பக்கமாகச் சாய்ந்ததையும், அதை மடக்க அஞ்சி நான் இடுப்பை வளைத்து உடம்பை முன்னே சாய்த்துச் சமாளித்ததையும் அவர் கவனிக்கவே இல்லை. ஏழு வாரம் கழித்து, வலையருகே எம்பி இறங்கிய ஒரு நொடியில் அதே தசைநார் மறுபடி அறுந்தது.

முன்னோக்கித் தாவும்போது உந்துவதில் பெரும்பங்கு இடுப்புக்கும் கணுக்காலுக்கும் உரியது, முழங்காலின் பங்கு சிறிதே என்பது தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் முன்தொடைத் தசை வலுவிழந்து கிடக்கும்போதும் தூரம் மட்டும் சரியாக வந்துவிடுகிறது. இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு முன் வேறோர் இடத்தில் கருவியில் உட்காரவைத்துத் தசை வலுவை அளந்தபோது, அடிபட்ட கால் மற்றதில் 71 சதவீதமே காட்டியது. மற்றதுதான் நல்ல கால் என்கிறோம். மாதக்கணக்கில் ஓட்டமும் ஆட்டமும் இல்லாமல் அதுவும் இளைத்திருந்தது. இளைத்த காலோடு ஒப்பிட்டு வாங்கிய 95க்கு என்ன மதிப்பு?

இப்படித் தங்கள் இதழ் என்னை வருந்தச் செய்வது முதல் முறையன்று. வலி நின்றால் காயம் ஆறியது என்று சென்ற ஆண்டு கேள்வி பதில் பகுதியில் வந்தபோதே எழுதினேன், பதில் இல்லை. அதற்கும் முன்பு, ஐந்தே மாதத்தில் ஆட்டத்துக்குத் திரும்பிய ஒரு வீரரை மன உறுதிக்கு எடுத்துக்காட்டு என்று அரைப்பக்கம் புகழ்ந்தீர்கள். அந்தக் கட்டுரையை வெட்டி என் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். சோதனையை அரைகுறையாகச் செய்வது என் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. முழங்காலில் சவ்வு கிழிந்த என் அக்காவுக்கு, முப்பது விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று பார்த்தார்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழ வேண்டிய சோதனை அது. அவர் கைப்பிடியை ஊன்றி, பாரம் முழுவதையும் மறுகாலில் போட்டு எழுந்ததையும் எண்ணிக்கையில் சேர்த்து, நலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சோதனைகளே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அமெரிக்காவிலும் நார்வேயிலுமாக 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், முன்தொடைத் தசை வலு, நான்கு வகைத் தாவல்கள், முழங்காலின் நிலை பற்றி நோயாளியே பதிலளிக்கும் இரண்டு வினாப்பட்டியல்கள் ஆகிய அனைத்திலும் நூற்றுக்கு 90ஐத் தாண்டியபின் கடும் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 5.6 சதவீதத்தினரே மீண்டும் காயமுற்றனர்; தாண்டாமல் திரும்பியவர்களில் அது 38.2 சதவீதம். ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் வீதத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது என்பதும் அதே ஆய்வின் முடிவு. சோதனைகளை முழுமையாகச் செய்தால் காக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து ஆறு மாதத்தோடு சேர்த்து அச்சிட்டதால்தான் இவ்வளவு எழுத நேர்ந்தது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், மூன்று வரித் திருத்தம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்: ஒன்பது மாதத்துக்கு முன் அவசரம் வேண்டாம், தாவலோடு தசை வலுவையும் அளக்கக் கேளுங்கள், கால் தரையில் இறங்கும் விதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். என் கடிதத்தை வெளியிட இடமில்லையென்றாலும், அந்த மூன்று வரிக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்