அந்த இரவின் தையலறைக்கு ஒரு திறந்த மடல்

'ஃபேண்டம் த்ரெட்' திரைப்படத்தின் ஆடை, ஒலி, ஒளிப்பதிவுப் பிரிவுகளில் உழைத்த கலைஞர்களுக்கு,

வணக்கம்.

பால் தாமஸ் ஆண்டர்சன் இயக்கத்தில் 2017இல் வெளிவந்த உங்கள் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். 1950களின் லண்டனில், உயர்குடிப் பெண்களுக்கு ஆடை வடிக்கும் ரெனால்ட்ஸ் உட்காக் என்ற கலைஞருக்கும் ஆல்மா என்ற இளம்பெண்ணுக்கும் இடையிலான காதல் கதையாகவே அதை முன்பு மனத்தில் வைத்திருந்தேன். ரெனால்ட்ஸாக நடித்த டேனியல் டே-லூயிஸ் திரையில் இருக்கும்போது வேறு எதன்மீதும் கண் செல்வது கடினம். இம்முறையோ, வெள்ளை மேலங்கி அணிந்து காலையில் வரிசையாகப் படியேறி வரும் தையற்பெண்களை விட்டு என் கண் அகலவில்லை. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

பெல்ஜிய இளவரசியின் திருமண ஆடைமீது ரெனால்ட்ஸ் மயங்கி விழுந்து, அது பாழாகும் இரவை நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலைக்குள் ஆடை ஆயத்தமாக வேண்டும். அவரோ மேல்மாடியில் நோயுற்றுக் கிடக்கிறார். அக்காள் சிரில் பணியாளர்களை இருத்திக்கொள்ள, அவர்கள் விளக்கொளியில் தையலைப் பிரித்து, கறைபட்டதை நீக்கி, மீண்டும் கோத்து முடிக்கிறார்கள். உள்தையலில் ரெனால்ட்ஸ் மறைத்து வைத்திருந்த சொற்களை ஆல்மா கண்டெடுப்பதும் அப்போதுதான். தன் கை படாமல் எதுவும் நிறைவுறாது என்று நம்பிய மனிதர், தன் கை படாமலே நிறைவுற்ற ஆடை நிற்கும் அறைக்குள் விடியலில் இறங்கி வந்து, ஆல்மாவிடம் தன்னை மணந்துகொள்ளுமாறு கேட்கிறார். அந்தக் காதல் உண்மையில் தொடங்குவது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய நோய்க்கே ஆல்மா இரகசியமாகக் கலந்து கொடுத்த நச்சுக்காளான்கள்தான் காரணம். பிற்பாடு அவள் மீண்டும் சமைத்துத் தரும் காளான்களைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். அவற்றுக்கான வழியைத் திறந்துவிட்டது இந்த இரவு.

அந்த அறையில் ஊசி பிடித்தவை நடிப்புக்காகப் பழக்கப்பட்ட விரல்கள் மட்டுமல்ல. பிடி, நானா என்ற தையற்பெண்களாக வரும் சூ கிளார்க், ஜோன் பிரவுன் இருவரும் தையல் தொழிலை அறிந்தவர்கள். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்களாகப் பணியாற்றியவர்கள். துணியை மடிக்கும்போது அவர்கள் விரல்களில் தெரியும் அவசரமின்மை ஒத்திகையால் மட்டும் வந்துவிடாது. டே-லூயிஸும் நியூயார்க் நகர பாலே நிறுவனத்தின் ஆடைப்பிரிவுத் தலைவரிடம் பல மாதங்கள் தையல் பயின்று, புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் ஆடை ஒன்றைத் தாமே மறுபடி தைத்துப் பார்த்தார். அந்த உழைப்பு திரையில் வசனமாக வரவில்லை. அவர் ஒரு பெண்ணின் தோளுக்கு அளவு எடுக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒலிப்பிரிவினருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். ஆல்மா வறுத்த ரொட்டியில் வெண்ணெய் தடவும் ஓசையை நீங்கள் அவ்வளவு பெரிதாக்கியதால், ரெனால்ட்ஸின் செவிகளால் அந்தக் காலை உணவைக் கேட்டேன். அவருடைய கொடுமையை ஏற்காமலே, அதன் ஊற்று எது என்பது விளங்கியது. இசையமைப்பாளர் ஜானி கிரீன்வுட்டின் பியானோவும் நரம்பிசையும் படம் நெடுக உடன்வருவதால், இசை ஓய்ந்து கத்தியின் உரசல் மட்டும் எஞ்சும் கணங்கள் மேலும் கூர்மையாகின்றன.

90ஆம் ஆஸ்கர் விழாவில் ஆறு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட உங்கள் படத்துக்கு, ஆடை வடிவமைப்புக்காக மார்க் பிரிட்ஜஸ் விருது பெற்றார். தகுதியான விருது. சிரிலாக ஒரு புருவ அசைவில் வீட்டையே ஆண்ட லெஸ்லி மேன்வில்லுக்கும் துணை நடிகைக்கான விருது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ஒரு குறை. 35 மி.மீ. படச்சுருளில் பதிவான, புகைபடிந்தது போன்ற மென்மை கொண்ட அந்தக் காட்சிகளுக்கு, ஒளிப்பதிவாளர் என்ற தலைப்பின் கீழ் ஒரு பெயரும் இல்லை. பலர் கூடிச் செய்த பணி என்று இயக்குநர் விளக்கியது நேர்மையானது. ஆனால் பலர் செய்ததென்றால் அந்தப் பலரின் பெயர்களையும் அத்தலைப்பின் கீழேயே எழுதியிருக்கலாம். உட்காக் இல்லத்து ஆடைகளில் தையற்பெண்களின் பெயர் இருப்பதில்லை. அவர்களை அவ்வளவு பரிவோடு படம்பிடித்த உங்கள் பெயர்கள், இனி வரும் மறுவெளியீடு ஒன்றிலாவது அந்த இடத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் பார்வையாளர்களுள் ஒருவர்